தாது எனும் விலைச்சொல்: கோலார் தங்கவயலும் தங்கத்தின் விலையடுக்குகளும்

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு மூடப்பட்டது. ஏன் மூடப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒற்றைச் சொல்: நட்டம். பாறையில் தங்கம் தீர்ந்துவிட்டது என்று சிலர் சொல்வர். தங்கம் இருக்கிறது, எடுத்தால் கட்டுப்படியாகாது என்று வேறு சிலர் சொல்வர். இவ்விரண்டு விடைகளும் வேறுவேறு போலத் தோன்றினாலும், சுரங்கவியலின் மொழியில் இவற்றுக்கிடையே வேறுபாடு அதிகமில்லை. ஏனெனில் ‘தாது’ என்னும் சொல்லே விலையைச் சார்ந்தது. உலோகம் உள்ள பாறையெல்லாம் தாது ஆகாது. எடுத்து, உடைத்து, அரைத்து, பிரித்து விற்றால் செலவுக்கு மேல் ஏதேனும் மிஞ்சுமெனில் மட்டுமே அது தாது. மிஞ்சாவிட்டால் அதே பாறை வெறுங்கல். விலை ஏறும்போது கல் தாதுவாகிறது. விலை இறங்கும்போது தாது கல்லாகிறது. பாறையில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை.

அப்படியெனில் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, அங்கே எவ்வளவு தங்கம் இருந்தது என்பதன்று. எந்த விலையில் அது அளக்கப்பட்டது, அந்த விலையை யார் வைத்தார் என்பதே. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தைத் தந்த அந்நிலத்துக்கு, தன் பொருளின் விலையைத் தானே வைக்கும் வாய்ப்பு ஒருநாளும் வாய்க்கவில்லை.

மாற்றும் காரட்டும்

விலைக்கு முன்னர்த் தரத்தைப் பேசவேண்டும். தங்கத்தை அடுக்கடுக்காகப் பிரித்து மதிப்பிடும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. ‘மாற்று’ என்பது அதற்கான அளவைச் சொல். உரைகல்லில் பொன்னை உரைத்து, தரம் தெரிந்த ஆணிகளின் உரையோடு ஒப்பிட்டு மாற்றுக் காண்பர். ஆணியோடு ஒத்து நிற்கும் பொன் ஆணிப்பொன். உச்ச மாற்று பத்தரை. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்னும் வழக்கு இன்றும் மக்கள் நாவில் உள்ளது, அளவை மறைந்து புகழ்மொழி மட்டும் எஞ்சியிருக்கிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயிற் கல்வெட்டுகள் பொன்னணிகளை ‘ஆடவல்லான்’ என்னும் பெயர்கொண்ட நிறைகல்லால் எடையிட்டுப் பதிவு செய்கின்றன. அக்காலத்தில் சோழர் ஆட்சிக்குள் வந்த குவளாலமே இன்றைய கோலார்.

பத்தரை மாற்றை 24 காரட்டுக்கு இணையாக வைத்துக் கணக்கிட்டால், 22 காரட் என்பது ஒன்பதே அரையே அரைக்கால் மாற்று. 18 காரட் என்பது ஏழே முக்காலே அரைக்கால். 14 காரட் என்பது ஆறே அரைக்கால். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1963இல் அது இந்தியப் பொற்கொல்லர்களின் தலைவிதியாக மாறியது.

மாற்று என்பது பொருளுக்குள் இருக்கும் வேறுபாட்டைக் காட்டும் அடுக்கு. கூடுதல் மாற்றுக்குக் கூடுதல் விலை. அதன் நியாயம் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உரைகல்லிலேயே தெரிகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் தங்கத்துக்கு வேறொரு வகை அடுக்கு தோன்றியது. ஒரே மாற்று, ஒரே எடை, ஒரே சுரங்கம். ஆயினும் யார் வாங்குகிறார், எந்த ஏட்டில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து விலை இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்தது. தங்கவயலின் கதை இந்த இரண்டாம் வகை அடுக்கின் கதை.

அசையாத விலை

1802இல் ஜான் வாரன் என்னும் படைத்துறை அளவையாளர் மாரிக்குப்பம், உரிகம் பகுதிகளில் ஊர்மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைக் கண்டு எழுதினார். அக்குறிப்பைப் படித்த மைக்கேல் லாவெல் 1871இல் அங்கு வந்து, பின்னர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி தொடங்கிற்று. முதலீடு கரைந்து கம்பெனியே கலையும் நிலைக்கு வந்தபோது, எண்பதுகளின் நடுவில் சாம்பியன் ரீஃப் எனப்பட்ட வளமான தாதுப்படுகை கைக்கு எட்டியது. தொடக்கக் காலத்தில் டன்னுக்கு ஓர் அவுன்சுக்கு மேல் தங்கம் கிடைத்தது.

அந்த அவுன்சின் விலை என்ன? அதை லண்டன் வைத்திருந்தது. 1717இல் ஐசக் நியூட்டன் நாணயச்சாலைத் தலைவராக இருந்தபோது உறுதியான வீதப்படி, 22 காரட் தங்கத்தின் ஓர் அவுன்சு 3 பவுண்டு 17 ஷில்லிங் பத்தரைப் பென்சு. தூய தங்கமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ நாலேகால் பவுண்டு. போர்க்கால இடைவெளிகளை நீக்கிப் பார்த்தால் இந்த எண் இருநூறு ஆண்டுகள் அசையவில்லை. தங்கவயலின் பொற்காலம் முழுவதும் இந்த அசையாத விலைக்குள் அடங்கியது.

விலை அசையாத பொருளை விற்பவருக்கு இலாபம் கூட்ட ஒரே வழி செலவைக் குறைப்பது. இங்கேதான் விலைவரலாறு தொழிலாளர் வரலாறாகிறது. சுரங்கம் ஆழமாக ஆழமாக ஒவ்வொரு டன்னையும் மேலே கொண்டுவரும் செலவு கூடும்; தாதுவின் வளமோ குறையும். விற்பனை விலையை ஏற்றி அதை ஈடுசெய்ய இயலாது. 1902 ஜூன் 30இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீர்மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது இந்த நெருக்கடியின் விளைவே. பெங்களூரு நகரம் மின்விளக்கைக் காண்பதற்கு மூன்றாண்டு முன்பே, நூற்று நாற்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் கம்பி இழுக்கப்பட்டது. மைசூர் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் இடையிலான உடன்பாட்டில் மின்சாரத்தின் கட்டணமும் அடுக்காகவே அமைந்திருந்தது. முதலாண்டில் உயர்ந்தும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாழ்ந்தும் வரும் அடுக்கு. அரசின் முதலீடு முன்கூட்டியே திரும்ப வந்தது. கம்பெனிக்கு நீண்டகாலச் செலவு குறைந்தது.

இயந்திரத்தால் குறைக்க முடியாத செலவு கூலி. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் ஒப்பந்தக்காரர்கள் வழியே ஆட்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஆதிதிராவிடர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொழிலாளர் தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியது. இங்கும் அடுக்குகள் உண்டு: ஐரோப்பிய மேலாளர், கார்ன்வால் நாட்டுச் சுரங்கத் தொழிலர், இத்தாலியர், ஆங்கிலோ இந்தியர், அவர்களுக்கெல்லாம் கீழே கம்பெனிக் கூலிகள், இன்னும் கீழே ஒப்பந்தக் கூலிகள். ஓடு வேய்ந்த மாளிகை முதல் மூங்கில் தட்டி வீடு வரை குடியிருப்பும் அவ்வாறே பிரிந்தது. தங்கத்தின் விலை அசையாமல் நின்றபோது அசைக்கத்தக்கதாக எஞ்சியது கீழடுக்கின் கூலியே. 1930இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துத் தொழிலாளர் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆட்களைப் பதிந்து, எண்ணிட்டு, கண்காணிக்கும் அந்த முயற்சியைச் செலவுக் கட்டுப்பாட்டின் வரலாற்றிலிருந்து பிரித்துப் படிக்க இயலாது.

ஒரு விலையேற்றம், இரண்டு விளைவுகள்

1931 செப்டம்பர் 21இல் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாய், ஒரு ஷில்லிங் ஆறு பென்சு என்னும் வீதத்தில் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் சேர்ந்து சரிந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி தோலாவுக்கு 21 ரூபாய் 3 அணா 10 பை என நின்ற தங்கம், சந்தையில் அதைத் தாண்டி விரைந்து ஏறியது. 1934 சனவரியில் அமெரிக்கா அவுன்சுக்கு 35 டாலர் என்று புதுவிலை வைத்தது.

உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்து, வரியும் வட்டியும் கட்ட வழியற்ற உழவர் குடும்பங்கள் பெட்டியிலிருந்த நகைகளை விற்றன. அவ்வாறு இந்தியாவிலிருந்து வெளியேறிய தங்கத்தைப் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் துயர்த்தங்கம் என்றே குறிப்பிடுகின்றனர். அதே ஆண்டுகளில் தங்கவயலில் வேறு காட்சி. செலவு ரூபாயில், அதுவும் மந்தத்தால் குறைந்த விலைவாசியில். வரவோ ஏறிய தங்க விலையில். முன்பு கல்லென்று ஒதுக்கப்பட்ட பாறைமுகங்கள் தாதுவாயின. உழவர் வீட்டு நகையும் தங்கவயலின் வார்ப்புக் கட்டியும் ஒரே விலையேற்றத்தால் சந்தைக்கு வந்தன. ஒன்று வறுமையால் வந்தது, மற்றொன்று இலாபத்தால் வந்தது. வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் காதணியை விற்ற குடும்பத்தின் மகனே தங்கவயலில் பாறை துளைத்திருக்கலாம் என்பதை நினைக்கும்போது இவ்விரண்டும் ஒரே வரலாறு என்பது விளங்கும்.

ஒரே தங்கம், மூன்று விலைகள்

விடுதலைக்குப் பின் தங்க இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதன்பின் இந்தியாவில் தங்கத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று விலைகள் நிலவின.

முதலாவது, ஏட்டு விலை. ரிசர்வ் வங்கி தன் கையிருப்புத் தங்கத்தை 1956 வரையிலும் தோலாவுக்கு 21.24 ரூபாய் என்ற பழைய வீதத்திலேயே மதித்துவந்தது.

இரண்டாவது, பன்னாட்டு அலுவல்முறை விலை. பன்னாட்டு நாணய நிதியத்தின் உறுப்பு நாடுகள் ஏற்ற அவுன்சுக்கு 35 டாலர் என்பதே இது. ரூபாயில் தோலாவுக்கு 62.50, 10 கிராமுக்கு 53.58. 1966 ஜூன் 6இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு டாலர் 7.50 ரூபாயானபின் 10 கிராமுக்கு 84.39.

மூன்றாவது, மும்பைச் சந்தை விலை. இறக்குமதி இல்லாத நாட்டில் திருமணங்கள் நிற்கவில்லை. ஆகவே இவ்விலை எப்போதும் அலுவல்முறை விலைக்கு மேலே நின்றது. 1970-71இல் அது 10 கிராமுக்கு ஏறத்தாழ 185 ரூபாய்.

தங்கவயல் 1956 நவம்பரில் மைசூர் அரசின் உடைமையாயிற்று. 1962 டிசம்பரில் நடுவண் அரசின் நிதியமைச்சகத்தின்கீழ் வந்தது. 1972 ஏப்ரலில் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனமாயிற்று. சுரங்கம் அரசுடைமையானதன் நோக்கங்களுள் அயற்செலாவணிக் கையிருப்பை வலுப்படுத்துவது முதன்மையானது. எனவே அங்கு எடுத்த தங்கம் மும்பைக் கடைவீதிக்குச் செல்லாமல் அரசின் கையிருப்புக்குச் சென்றது. அலுவல்முறை விலையில் கணக்கெழுதப்பட்டது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் காணலாம். டன்னுக்கு 5 கிராம் தங்கம் தரும் ஒரு பாறையை எடுத்துக்கொள்வோம். 84.39 என்ற விலையில் அந்த டன்னின் மதிப்பு ஏறத்தாழ 42 ரூபாய். 185 என்ற விலையில் 92 ரூபாய்க்கும் மேல். அந்த டன்னை எடுத்து அரைக்க 60 ரூபாய் செலவானது என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், முதல் விலையில் அது 18 ரூபாய் நட்டம், இரண்டாம் விலையில் 32 ரூபாய் இலாபம். பாறை ஒன்றே, உழைப்பு ஒன்றே, தொழிலாளியின் நுரையீரலில் படியும் தூசியும் ஒன்றே. நட்டம் என்பது சுரங்கத்தின் இயல்பாக ஏட்டில் பதிவாயிற்று. அது விலையடுக்கின் இயல்பாக எங்கும் பதிவாகவில்லை.

1968 மார்ச்சில் வாஷிங்டனில் கூடிய நடுவண் வங்கிகள் உலக அளவிலேயே இந்த அடுக்கை முறைப்படுத்தின. நடுவண் வங்கிகள் தமக்குள் 35 டாலருக்குப் பரிமாறிக்கொள்ளும். ஏனையோர் கட்டற்ற சந்தையில் வாங்கிக்கொள்வர். பொருளியல் நூல்கள் இதை ஈரடுக்குத் தங்கச் சந்தை என்கின்றன. 1971 ஆகஸ்டு 15இல் அமெரிக்கா டாலருக்கு ஈடாகத் தங்கம் தருவதை நிறுத்தியது. 1978இல் நாணய நிதியம் அலுவல்முறை விலை என்னும் கருத்தையே நீக்கியது. 1980 சனவரியில் அவுன்சு 850 டாலரைத் தொட்டது. ஆனால் தங்கவயல் தன் வளமான தாதுவின் பெரும்பகுதியை 35 டாலருக்கும் அதற்குக் குறைவாகவும் விற்று முடித்த பின்னரே இந்த ஏற்றம் வந்தது.

ஆறே அரைக்கால் மாற்று

விலையில் மட்டுமன்று, தரத்திலும் அரசு அடுக்கை வகுக்க முயன்றது. சீனப் போருக்குப் பின் 1963 சனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்தார். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருத்தலாகாது. தங்கத்தின் மீதான ஆசையைத் தரத்தைக் குறைப்பதன் வழியே குறைக்கலாம் என்பது எண்ணம்.

அது நடக்கவில்லை. ஆறே அரைக்கால் மாற்றுப் பொன்னைத் தாலியாக ஏற்க எந்தக் குடும்பமும் முன்வரவில்லை. 14 காரட் கலவை கடினமானது. 22 காரட்டின் மென்மைக்குப் பழகிய கைக்கும் கருவிக்கும் அது இணங்கவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையிழந்தனர், தற்கொலைகள் நிகழ்ந்தன. அதே ஆண்டில் விதி தளர்த்தப்பட்டது. 1966இல் 14 காரட் வரம்பு கைவிடப்பட்டது. 1968ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு வடிவில் தொடர்ந்து 1990 வரை நின்றது.

ஒரே பத்தாண்டில் தங்கத்தை அகழ்ந்தவர், அதை அணியாக்கியவர் ஆகிய இருவரும் மேலிருந்து வகுக்கப்பட்ட அடுக்கினால் பாதிக்கப்பட்டனர். அகழ்ந்தவருக்கு விலையின் கீழடுக்கு. அணியாக்கியவருக்குத் தரத்தின் கீழடுக்கு. இவ்விரு வரலாறுகளும் தனித்தனியே எழுதப்பட்டுவருகின்றன. இவற்றை ஒருங்கே வைத்துப் படிக்கவேண்டிய தேவை இருக்கிறது.

அடுக்கு யாருடையது?

அடுக்கு என்பதே தீங்கானது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாகாது. ஏறத்தாழ அதே காலத்தில் அழிவின் விளிம்புக்கு வந்த வேறொரு தொழிலை ஒப்பிடுவது பயன்தரும். அமெரிக்காவின் சிகாகோ நகரம் பின்பால் எனப்படும் உருண்டை விளையாட்டுப் பொறிகளின் தாயகம். காணொளி விளையாட்டுகளின் போட்டியால் அத்தொழில் நலிந்து, 1999இல் முதன்மை நிறுவனமான வில்லியம்ஸ் பின்பால் பிரிவை மூடியது. அவ்வாண்டே தொடங்கிய ஸ்டெர்ன் பின்பால் நிறுவனம் சில ஆண்டுகள் உலகின் ஒரே பெரிய தயாரிப்பாளராக எஞ்சியது.

அந்நிறுவனம் மீண்டெழக் கைக்கொண்ட வழிகளுள் ஒன்று விலையடுக்கு. ஒவ்வொரு புதிய விளையாட்டும் புரோ, பிரீமியம், லிமிடெட் எடிஷன் என மூன்று நிலைகளில் வருகிறது. 2023இல் இவற்றின் விலை ஏறத்தாழ 7,000, 9,700, 13,000 டாலர். மூன்றிலும் விளையாட்டின் அடிப்படை ஒன்றே. நடு நிலையில் கூடுதல் பொறியமைப்புகள் உண்டு. மேல் நிலையில் அவற்றோடு தனி அலங்காரமும் வரிசை எண் பொறித்த தகடும் உண்டு, எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. கடைக்கு வாங்குவோர் கீழ்நிலையை வாங்குகின்றனர். வீட்டுச் சேகரிப்புக்கு வாங்குவோர் மேல்நிலைக்குச் செல்கின்றனர். கூடுதலாகத் தர விரும்புபவரிடம் கூடுதலாகப் பெற்று, குறைவாகத் தரக்கூடியவரையும் இழக்காதிருப்பதே இதன் உட்பொருள்.

இந்த ஒப்பீடு இரு தொழில்களும் ஒன்று என்று காட்டுவதற்கன்று. பின்பால் பொறியை வேறுபடுத்தலாம்; தூய தங்கத்தை வேறுபடுத்த முடியாது. வேதியியலில் எல்லாத் தங்கமும் ஒன்றே. ஆனால் இதனாலேயே ஒப்பீடு கூர்மையடைகிறது. பொறியில் பொருள் மூன்று, அதனால் விலை மூன்று. அடுக்கை வகுத்தவர் விற்பவர், ஏற்றத்தின் பயன் அவருக்கே. தங்கவயலில் பொருள் ஒன்று, விலை மட்டும் மூன்று; அடுக்கை வகுத்தவர் வாங்குபவராகிய அரசு, கீழடுக்கின் சுமை விற்பவர்மீது. முன்னதில் அடுக்கு ஒரு தொழிலைத் தாங்கிப் பிடித்தது. பின்னதில் அது ஒரு தொழிலின் கணக்கேட்டில் நட்டமாகப் படிந்தது.

மூடலின் விலை

விலையடுக்கு மட்டுமே தங்கவயலை மூடியது என்று வாதிடுவதும் பிழையாகும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குச் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறைவெடிப்புகள் உயிர்களைப் பறித்தன. காற்றைக் குளிர்விக்கவும் நீரை இறைக்கவும் ஆகும் செலவு தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குறையாது. தொண்ணூறுகளில் உற்பத்திச் செலவு எந்தச் சந்தை விலையையும் விஞ்சியிருந்தது. நிறுவனம் நலிவுற்ற தொழிலகங்களுக்கான வாரியத்தின்முன் சென்று, மீட்புத் திட்டமின்றித் திரும்பியது.

ஆயினும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. ஐம்பதுகள் முதல் எழுபதுகள் வரை, தாது இன்னும் வளமாக இருந்த ஆண்டுகளில், அலுவல்முறை விலைக்கும் சந்தை விலைக்கும் இடைப்பட்ட தொகை சுரங்கத்துக்குத் திரும்ப வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிய படுகைகளைத் தேடவும், பழைய குழிகளைப் புதுப்பிக்கவும், மூடலுக்கும் மறுவாழ்வுக்கும் நிதி சேர்க்கவும் அது பயன்பட்டிருக்கும். அந்தத் தொகை தொழிலாளர் நாட்டின் கையிருப்புக்கு அளித்த கொடை எனத் தகும். கொடை வழங்கிய பேரேட்டில் அது கொடையாக எழுதப்படவில்லை. மானியம் பெறும் நலிந்த நிறுவனம் என்ற எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட்டது.

மூடப்பட்ட காலமும் நோக்கத்தக்கது. 1999 கோடையில் தங்கம் அவுன்சுக்கு 253 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. இருபதாண்டுகளில் காணாத தாழ்வு அது. பிரிட்டன் தன் கையிருப்பில் பாதிக்கும் மேற்பட்டதை அந்த ஆண்டுகளில்தான் விற்றது. தங்கவயல் மூடப்பட்டபோது விலை ஏறத்தாழ 260. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அன்று வேலையிழந்தனர். பத்தாண்டு கழித்து, 2011இல் விலை 1,900ஐ நெருங்கியது. 2025 அக்டோபரில் 4,000ஐக் கடந்தது.

மேடுகள்

இன்றும் தங்கவயலின் அடிவானத்தை வரையறுப்பவை சயனைடு மேடுகள். அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், நூறாண்டுக்கு மேல் குவிந்து, மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. காற்றுக் காலத்தில் அம்மண் தொழிலாளர் குடியிருப்புகளின்மேல் படிகிறது. நுரையீரல் நோயோடு வாழும் முதியோர் அக்குடியிருப்புகளில் இருக்கின்றனர்; இளையோர் விடியலில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

அந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் எஞ்சியிருக்கிறது. 0.7 கிராம் என்று கொண்டால், 260 டாலர் விலையில் ஒரு டன் மண்ணிலுள்ள தங்கத்தின் மதிப்பு ஆறு டாலருக்கும் குறைவு. 4,000 டாலர் விலையில் ஏறத்தாழ 90 டாலர். முழுவதையும் பிரித்தெடுக்க இயலாது என்றாலும், ஆறுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள தொலைவே போதும். 2001இல் கழிவு என்று பெயர்பெற்றது இன்று மீண்டும் தாது ஆகியிருக்கிறது. 2024இல் 13 மேடுகளை மறுபடியும் அகழ்வதற்குக் கர்நாடக அரசு இசைவு தந்ததன் பின்னணி இதுவே. ஆழக் குழிகளில் இறங்கவேண்டியதில்லை. அகழ்வுச் செலவையும் அரைவைச் செலவின் பெரும்பகுதியையும் சென்ற நூற்றாண்டுத் தொழிலாளர் முன்பே செலுத்திவிட்டனர்.

இந்த மேடுகளின் மதிப்பு கணக்கிடப்படும்போது நிலத்தின் உடைமை, கனிமத்தின் உரிமை, ஏலத்தின் விதிகள் ஆகியவை பேசப்படுகின்றன. அவற்றைக் குவித்தவர்களுக்குப் பங்கு உண்டா என்பது பேச்சில் வருவதில்லை. நிலுவைத் தொகைக்காகவும் வீட்டுரிமைக்காகவும் முன்னாள் தொழிலாளர் நடத்திய நெடிய முறையீடுகளில் அவர்களது உழைப்பு எந்த விலையில் அளக்கப்பட வேண்டும் என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது. 35 டாலர் விலையிலா, 260 டாலர் விலையிலா, இன்றைய விலையிலா என்பதைப் பொறுத்து விடை மாறும். மேட்டிலுள்ள மண் இன்றைய விலையில் தாதுவாகிறது என்றால், அதைக் குவித்த உழைப்பு மட்டும் ஏன் பழைய விலையில் நட்டமாகவே நிற்கவேண்டும் என்பதற்கு இதுவரை எந்த ஏடும் விடையளிக்கவில்லை.